தெரு ஊர்வலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தெருக்களில், குடியரசு தினத்தன்று காலை முன்னாள் படைவீரர்களை முன்னால் வைத்து ஓர் ஊர்வலம் நடத்துகிறோம். ஒரு பேண்டு வாத்தியக் குழு, நான்கைந்து ஆட்டோ, பள்ளிப் பிள்ளைகள், வாசலில் வந்து நிற்கும் அக்கம்பக்கத்தார், அவ்வளவுதான். டிசம்பர் பிறந்ததும் கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து "நாங்களும் செய்யலாம் என்றிருக்கிறோம்" என்று ஆட்கள் வந்து கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் ராணுவத்தில் இருந்தவர் ஒருவர்கூட இல்லையே, யாரை வைத்து ஊர்வலம் நடத்துவது?

நாங்களும் இதையேதான் சொன்னோம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பதுக்கு முன்னாலேயே ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிடுகிறார். அதன் பிறகு ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வங்கியிலோ இருபது வருடம் வேலை பார்க்கிறார். தெருவுக்கு அவர் ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை பார்க்கும் "கேரேஜ் ஒர்க்ஸ்காரர்" அல்லது "பேங்க் வாட்ச்மேன்". அதற்கு முந்தைய வாழ்க்கையை யாரும் விசாரிப்பதில்லை.

முதல் வருடம் எங்கள் பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரித்ததில் அது பதினொன்று ஆனது. அதில் ஒருவர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே ஐந்து வருடமாக கேட் திறந்து விட்டவர். அவருடைய மேசைக்கு அடியில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி எப்போதும் இருக்கும். குனிந்து பார்த்தபோதுதான் மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில் எண், பதவி, பெயர் மூன்றும் எழுதியிருந்தது தெரிந்தது. பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தாலும் "ஹவில்தார்" என்ற சொல் தெளிவாக இருந்தது. தினமும் அவரைக் கடந்து போனவன் நான். உங்கள் பகுதியில் ஏடிஎம் வாசலிலும் ஆலை வாசலிலும் உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பகுதியில் உள்ள முன்னாள் படைவீரர் சங்கத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த நாளில் வைப்பது சரி?

முன்னாள் படைவீரர்களுக்கென்றே உள்ள நாள் ஜனவரி 14. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. ஆனால் நம் ஊரில் அன்றைக்குப் போகியோ பொங்கலோ வந்துவிடும். பாதிப் பேர் சொந்த ஊரில் இருப்பார்கள். டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. நிதி திரட்ட ஏற்ற நாள், ஆனால் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கார்கில் வெற்றி நாள் ஜூலை 26, 1971 போர் வெற்றி நாள் டிசம்பர் 16. கார்கிலிலோ 71லோ இருந்தவர் உங்கள் தெருவில் இருந்தால் அந்த நாள் அவருக்கு மிகவும் முக்கியமானது.

நாங்கள் ஜனவரி 26 காலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெயில். 1971இல் இருபது வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். ஆகஸ்ட் 15 காலை எட்டரை மணி வெயிலில் அவரை நிறுத்தி வைப்பது மரியாதை ஆகாது.

தெருவுக்குள்ளேதானே போகிறோம், போலீஸ் அனுமதி வேண்டுமா?

வேண்டும். சென்னையில் ஊர்வலங்களுக்கு 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி அனுமதி பெற வேண்டும். குடியரசு தினத்தன்று காவல்துறைக்கு மெரினா தொடங்கி எல்லா இடத்திலும் பாதுகாப்பு வேலை இருக்கும்; எனவே டிசம்பர் கடைசியிலேயே வழித்தடம், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை போன்ற கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகளைத் தொடவே வேண்டாம். உள்தெருக்களில் ஒரு கிலோமீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது? தாத்தா என்றா, சார் என்றா?

நேரில் பேசும்போது "ஐயா" போதும். தெருப் பிள்ளைகள் "மிலிட்டரி தாத்தா" என்று கூப்பிடுவதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் விரும்புகிறார்கள். அதைத் திருத்த வேண்டாம். ஒலிபெருக்கியில் மட்டும் கட்டாயம் பதவியோடு சொல்லுங்கள்: "சுபேதார்", "ஹவில்தார்", "நாயக்". கடற்படையிலும் விமானப்படையிலும் பதவிப் பெயர்கள் வேறு. சார்ஜென்ட், பெட்டி ஆபீசர் என்று வரும். பதவி, பெயர், எந்தப் படைப்பிரிவு, எத்தனை வருடம் சேவை. இந்த நான்கையும் ஒரு வாரம் முன்னாலேயே அவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். சுபேதாரை ஹவில்தார் என்று மைக்கில் அறிவித்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் வீட்டுக்குப் போய் வருந்துவார். முதல் வருடம் எங்களால் ஒருவருக்கு அப்படி நேர்ந்தது.

ஒருவர் சமையல்காரராகவே இருந்தாராம், இன்னொருவர் டிரைவராம். சண்டைக்கே போகாதவர்களையும் சேர்க்கலாமா?

தயங்காமல் சேருங்கள். படை என்பது துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டும் அல்ல. ஏஎஸ்சி என்னும் சரக்குப் பிரிவின் டிரைவர்கள் ஜோஜிலா கணவாய் வழியாக லடாக்குக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போனவர்கள். ஒரு பக்கம் பனிச்சுவர், மறுபக்கம் பாதாளம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் பிரிவில் பாலம் போடுவார்கள், கண்ணிவெடி எடுப்பார்கள். ராணுவம் முழுக்க அவர்களைத் "தம்பி" என்றே கூப்பிடும். சமையல்காரர் சமைக்கவில்லை என்றால் அந்த உயரத்தில் யாரும் ஒரு வாரம் தாங்க முடியாது.

எங்கள் ஊர்வலத்தில் வரும் ஒருவர் இருபத்திரண்டு வருடம் சமையற்கூடத்தில் இருந்தவர். முதலில் அழைத்தபோது "நான் என்ன செய்தேன், சப்பாத்திதான் போட்டேன்" என்றார். அவரைத்தான் முன்வரிசையில் நிறுத்தினோம். அறிவிக்கும்போது எல்லோருக்கும் பொதுவாக "முன்னாள் படைவீரர்" என்று சொல்லுங்கள். "போரில் எதிரிகளை வீழ்த்தியவர்" என்பது போன்ற அடைமொழிகளை நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

பெண்கள் யாராவது இருப்பார்களா?

இருப்பார்கள், தேடுங்கள். ராணுவ மருத்துவமனைகளில் செவிலியர் பிரிவில் பணியாற்றிய பெண்கள் அதிகாரி பதவியில் இருந்தவர்கள். 1992 முதல் மற்ற பிரிவுகளிலும் பெண் அதிகாரிகள் சேர்ந்தார்கள். பயிற்சி நம் பரங்கிமலையிலேயே நடந்தது.

பணியில் இறந்தவர்களின் மனைவியரை ராணுவ வழக்கில் "வீர நாரி" என்பார்கள். அவர்களை அழைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். மேடையில் "இவருடைய கணவர் இப்படி இறந்தார்" என்று விவரிக்க வேண்டாம். பெயர், கணவரின் பெயர், படைப்பிரிவு போதும். மகனை இழந்த தாய் தந்தையர் இருந்தால் அவர்களுக்கும் இதே மரியாதை, இதே அமைதி. கணவரின் படத்தை ஏந்தி வரலாமா என்று ஓர் அம்மா கேட்டார். வரலாம், ஆனால் அது அவராகக் கேட்டு நடக்க வேண்டும். நாமே படத்துக்கு ஃபிரேம் போட்டுக் கையில் கொடுக்கக் கூடாது.

என் அப்பா சிஆர்பிஎஃப். அவரை முன்னாள் ராணுவத்தினர் என்று ஏற்கமாட்டோம் என்கிறார்களே?

அரசுக் கணக்கில் வேறுபாடு உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. சிஆர்பிஎஃப், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. "முன்னாள் படைவீரர்" என்ற சட்டப் பொருள் முதல் மூன்றுக்கு மட்டும்தான். ஓய்வூதியம், இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு அது பொருந்தும். நம் தெரு ஊர்வலத்துக்கு அந்தக் கணக்கு எதற்கு? உங்கள் அப்பா வரட்டும். அறிவிக்கும்போது மட்டும் "மத்திய ரிசர்வ் காவல் படை" என்று சரியாகச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் அதுதான் பெருமை.

தாத்தா நேதாஜியின் படையில் இருந்தவர், பர்மாவிலிருந்து வந்தவர். அவர் காலமாகிவிட்டார். நாங்கள் வரலாமா?

கட்டாயம் வாருங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் பர்மா, மலாயாத் தமிழர்கள் ஏராளம். 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களில் பல, பர்மாவிலிருந்து வெளியேறி வட சென்னையில் குடியேறியவை. நேதாஜியின் வீரர்கள் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் சேர்க்கப்படவில்லை. பின்னாளில் விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்கப்பட்டு, 1972 முதல் மத்திய அரசின் தியாகி ஓய்வூதியத் திட்டத்தில் இடம் பெற்றார்கள். எங்கள் ஊர்வலத்தில் அந்தக் குடும்பத்தார் படத்துடன் தனி வரிசையாக வருகிறார்கள்.

பொன்னாடையா, மாலையா, கேடயமா? எதைக் கொடுப்பது?

பதக்கம் அணிந்து வருகிறவருக்கு மாலை போட்டால் பதக்கம் மறைந்துவிடும், பூவின் ஈரம் ரிப்பனில் இறங்கும். பதக்கங்கள் இடது மார்பில் இருக்கும். பொன்னாடை போர்த்தினாலும் அதேதான். அவருக்கு அன்றைக்கு எது முக்கியமோ அதை நாமே மூடிவிடக் கூடாது. கையில் ஒரு ரோஜா, மடித்த துண்டு, வீட்டுக்கு ஒரு பழக்கூடை போதும். நீங்கள் கட்டாயம் பொன்னாடைதான் என்றால் மடித்துக் கையில் கொடுங்கள்.

நிறையப் பேர் போன வருடம் தந்த கேடயம் எங்கே என்று கேட்டால் பரண் மேல் என்பார்கள். ஆனால் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த கடிதங்களை ஒருவர் அந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். முன்னே சொன்ன கேட் காவலர்தான்.

நடக்க முடியாதவர்களை என்ன செய்வது? குட்டியானை என்னும் சிறிய சரக்கு வண்டியில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாமா?

வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி பள்ளத்தில் ஆடும், ஏறி இறங்க ஏணி தேடவேண்டியிருக்கும். ஆட்டோதான் சிறந்தது: படி தாழ்வு, இரண்டு பக்கமும் திறப்பு, தெருவில் நிற்பவர் நீட்டும் கையை அவரால் பிடிக்க முடியும். பக்கத்தில் பேரனோ பேத்தியோ உட்காரட்டும்.

நடக்கிறவர்களுக்கும் இருநூறு அடிக்கு ஒரு முறை நாற்காலியும் தண்ணீரும் தேவை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஏழு மணிக்கே இட்லி கொடுத்துவிடுங்கள். தலைவர் வந்து கொடியேற்றிய பிறகுதான் சிற்றுண்டி என்று காக்க வைக்காதீர்கள். வழியில் யார் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே கேட்டு, அதை ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள். இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் வராமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும். பேண்டு குழுவிடம் மெதுவான தாளம் வாசிக்கச் சொல்லுங்கள். வேகமான தாளம் கேட்டால் எழுபத்தைந்து வயதிலும் அவர்கள் கால் அந்த வேகத்துக்கு எழும், பிறகு மூச்சு வாங்கும்.

நம் பக்கத்தில் ஊர்வலம் என்றால் சரவெடி இல்லாமலா?

வெடியே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரண்டாவது வருடம் முனையில் நின்ற இளைஞர்கள் ஆர்வத்தில் ஆயிரம் வாலா ஒன்றைக் கொளுத்திவிட்டார்கள். முதல் ஆட்டோவில் இருந்தவர் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். வெடி தொடங்கியதும் அவர் கை ஆட்டோவின் கம்பியைப் பிடித்தது. வெடி நின்றது, புகை கலைந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கை மட்டும் கம்பியை விடவில்லை. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பேத்தி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். வீட்டுக்குப் போகும் வரை அவர் பேசவில்லை.

பீரங்கிப் பிரிவில் இருந்தவர்களுக்குக் காது பழுதாகியிருப்பது சாதாரணம். மனதில் என்ன தங்கியிருக்கிறது என்பதை அவர்களே சொன்னால்தான் உண்டு. வெடிக்குப் பதிலாக வாசலில் கோலம் போடச் சொன்னோம். போன வருடம் ஒரு தெரு முழுக்க மூவண்ணக் கோலம். ஆட்டோக்கள் அதன் மேல் ஏறாமல் ஓரமாகப் போயின.

பிள்ளைகளுக்கு ராணுவ உடை போட்டுவிடலாமா?

சிறு பிள்ளைகளின் மாறுவேடத்தை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. பெரியவர்கள் வேண்டாம். ராணுவத்தினர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையை மற்றவர் அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி குற்றம். தொண்டர்களுக்கு வெள்ளைச் சட்டை போதும். முன்னாள் படைவீரர்கள் பெரும்பாலும் கோட்டு அல்லது முழுக்கைச் சட்டை, தலையில் தங்கள் பிரிவின் தொப்பி, மார்பில் பதக்கம் என்று வருவார்கள்.

ஆட்டோ முழுக்கத் தேசியக் கொடியைப் போர்த்தி அலங்கரிக்க நினைக்கிறோம், சரியா?

தவறு. வாகனத்தின் கூரை, பக்கவாட்டு, பின்புறம் எதன் மேலும் கொடியைப் போர்த்தக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் கொடிச் சட்டத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. கொடியின் மேல் எதுவும் எழுதவும் கூடாது. ஆட்டோவுக்கு மூன்று நிறத் துணித் தோரணம், பூ, மாவிலை போதும். கொடியை ஒருவர் ஊர்வலத்தின் முன்னால் நிமிர்த்தி ஏந்தி வரட்டும். பிள்ளைகள் கையில் காகிதக் கொடி இருக்கலாம். முடிந்ததும் ஒன்றுகூட தரையில் கிடக்கக் கூடாது. எங்கள் ஊர்வலத்தின் கடைசியில் இரண்டு பேர் பையோடு வருவது இதற்காகத்தான்.

அவர்கள் கடந்து போகும்போது நாங்கள் சல்யூட் அடிக்க வேண்டுமா?

தேவையில்லை. கை கூப்பினால் போதும். கொடி கடக்கும்போது மட்டும் கொடியைப் பார்த்து அசையாமல் நேராக நில்லுங்கள். தொப்பி இல்லாத நிலையில் நம் ராணுவத்தில் சல்யூட் அடிக்கும் வழக்கம் இல்லை, விறைப்பாக நிற்பார்கள். அதனால் ஒருவர் உங்கள் சல்யூட்டுக்குப் பதிலாக நிமிர்ந்து மட்டும் நின்றால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார்களே?

கேட்பார்கள். ஊர்வலத்துக்கு முந்தைய நாளே உட்கார வைத்துப் பேசுங்கள். அதற்குப் பதிலாக என்ன கேட்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள்: முதன்முதலில் பனியை எங்கே பார்த்தீர்கள்? சென்ட்ரலில் எந்த ரயில் ஏறினீர்கள்? அம்மாவுக்கு எழுதிய கடிதம் வந்து சேர எத்தனை நாளானது? இந்திப் பேச எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? இவற்றில் ஒன்றைக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள்.

பதக்கத்தைப் பற்றியும் கேட்கலாம். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். ஒன்பது வருடம், இருபது வருடம் என நீண்ட சேவைக்கும் பதக்கம் உண்டு. எல்லாப் பதக்கமும் வீரதீரச் செயலுக்கானது அல்ல, "இது எதற்கு ஐயா?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். பதக்கத்தைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கவேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

செலவு முழுவதையும் ஏற்கிறேன் என்று ஒரு கட்சிக்காரர் சொல்கிறார். அவர் படம் போட்டு பேனர் வைக்க வேண்டுமாம்.

நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பேனரில் அவர் முகம் ஆளுயரத்துக்கும், படைவீரர்கள் முகம் தபால்தலை அளவிலும் இருக்கும். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. தெருவில் பேனரே வேண்டாம். எங்களுக்கு ஆகும் செலவு வாத்தியம், ஆட்டோ வாடகை, சிற்றுண்டி. வீட்டுக்கு நூறு ரூபாய் வசூலித்தால் போதும். கட்சிக்காரர் வரட்டும், எல்லோரையும் போல வாசலில் நிற்கட்டும். மீந்த பணத்தைக் கொடி நாள் நிதிக்கு மாவட்ட நிர்வாகம் வழியாகக் கொடுத்து ரசீது வாங்கி, தெருப் பலகையில் ஒட்டுங்கள்.

ஒருவர் ராணுவத்தில் இருந்ததாகச் சொல்கிறார், எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எப்படி உறுதி செய்வது?

எல்லோருக்கும் ஒரே முறையை வையுங்கள். முன்னே சொன்னபடி விவரம் எழுத வீட்டுக்குப் போகும்போது, முன்னாள் படைவீரர் அடையாள அட்டையையோ ஓய்வு பெறும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையோ பார்த்து எழுதிக்கொள்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். பதவியும் எண்ணும் பிழையில்லாமல் எழுதுவதற்காக என்பதால் யாருக்கும் மனம் புண்படாது. ஆவணங்கள் 2015 வெள்ளத்தில் போய்விட்டவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அப்படிப்பட்டவருக்குப் பகுதியில் உள்ள சங்கத்தினர் துணையாக இருப்பார்கள். தெருவில் நிற்க வைத்து விசாரிப்பது மட்டும் கூடாது.

ஒருவர் வரவே மாட்டேன் என்கிறார். இன்னொரு முறை போய்க் கேட்கலாமா?

ஒரு முறை கேட்கலாம். அதுவும் கூட்டமாகப் போகாமல், ஒருவராகப் போங்கள். கால்வலி, கழிவறைக் கவலை, நல்ல சட்டை இல்லாதது போன்ற காரணங்கள் இருந்தால் நாம் வழி செய்யலாம். கூட இருந்த தோழர் திரும்பி வரவில்லை, நான் மட்டும் மாலை வாங்குவதா என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவர் பெயரை மைக்கிலும் சொல்லவில்லை. ஊர்வலம் அவர் வீட்டைக் கடக்கும்போது வாத்தியத்தை அரை நிமிடம் நிறுத்தினோம். ஜன்னல் கதவு பாதி திறந்திருந்தது. அடுத்த டிசம்பரில் பட்டியல் எழுதும்போது மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார், வருவதாகச் சொல்லவில்லை. இந்த டிசம்பரிலும் போவேன்.